ஆறு வயதில் போன போர்

லெப்டினன்ட் ஜொசையா வென்னருக்குப் பதக்கம் வந்த காலையில் நான் அவருடைய பல் ஈறில் இருந்த கட்டியைக் கீறிவிட்டுக்கொண்டிருந்தேன். கடற்படைக் கப்பல்களில் மருத்துவனாக இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். இப்போது கோஸ்போர்ட்டில் ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பல்லையும் கீல்வாதத்தையும் பார்த்துக் காலம் தள்ளுகிறேன். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு லெப்டினன்ட் மேல்தான் விழவேண்டும். ஆளுக்கொரு தூரக்கண்ணாடியும் ஆளுக்கொரு மனக்குறையும் வைத்திருப்பார்கள்.

வென்னரின் மனைவி டார்கஸ் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, லண்டன்லேர்ந்து வந்துருக்கு. கையில கனமா இருக்கு. வந்துருச்சுங்க!”

வென்னர் வாய் நிறைய ரத்தத்தோடு எழுந்துவிட்டார். உட்காருமய்யா என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. பெட்டிக்குள் வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ராணியின் முகம், ஓரத்தில் சுற்றிலும் இவர் பெயர். நீலக் கரை போட்ட வெள்ளை நாடா. நாடாவுக்குக் குறுக்கே ஒரு வெள்ளிப் பட்டை. அதில்தான் எந்தச் சண்டைக்கான பதக்கம் என்று வெட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு வென்னர் கிண்ணத்தில் துப்பினார்.

“இது யாருக்கு வந்தது?”

“உங்க பேருதானே போட்டுருக்கு?”

“கேம்பர்டவுன்னு இருக்கு டார்கஸ். அந்தச் சண்டை நடந்தப்ப எனக்கு ஆறு வயசு. வின்செஸ்டர்ல அத்தை வீட்டுல அம்மை போட்டுப் படுத்துக் கெடந்தேன்.”

டார்கஸ் என்னைப் பார்த்தாள். நான் கத்தியைத் துடைத்தேன்.

விஷயம் இதுதான். பிரெஞ்சுக்காரர்களோடு நாங்கள் போட்ட சண்டையெல்லாம் முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதெல்லாம் பெரிய தளபதிகளைத் தவிர மற்றவர்களுக்கு யாரும் ஒரு பித்தளைப் பொத்தானைக்கூடக் கொடுக்கவில்லை. பாதிப் பேர் செத்து மண்ணாய்ப் போனபின் அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் எழுதிக் கேட்டால் பதக்கம் உண்டு, செத்தவர்களுக்குக் கிடையாது, எந்தச் சண்டை என்று சொல்லவேண்டும். வென்னர் எழுதிக் கேட்டது சான் விடல் குடாவில் நடந்த படகுச் சண்டைக்கு. லண்டன்காரர்கள் பெட்டியோடு நாலு வரி வைத்திருந்தார்கள். சான் விடல் சண்டைக்காக யாரும் பதவி உயர்வு பெறவில்லை. பதவி உயர்வு தராத படகுச் சண்டை கணக்கில் வராது. ஆனால் கேம்பர்டவுன் போரின்போது உங்கள் பெயர் உங்கள் தந்தையார் கேப்டனாக இருந்த கப்பலின் ஏட்டில் இருக்கிறபடியால் அதற்கான பதக்கம் இத்துடன் வருகிறது.

இதில் எங்களுக்கு அதிசயம் ஒன்றும் இல்லை. லெப்டினன்ட் ஆகவேண்டுமானால் ஆறு வருடம் கடலில் கழித்திருக்கவேண்டும் என்று விதி. பிள்ளை சீக்கிரம் முன்னுக்கு வரட்டுமே என்று கேப்டன்மார் அவனைப் பால்பல் விழுவதற்கு முன்பே தங்கள் கப்பல் ஏட்டில் வேலையாளாகச் சேர்த்துவிடுவார்கள். பிள்ளை வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான். ஏட்டில் புயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். சட்டப்படி அது குற்றம்தான். பிடிபட்டால் கேப்டனின் வேலையே போய்விடும். யாரும் பிடிபட்டதாக நான் கேள்விப்படவில்லை. பிடிக்கவேண்டியவர்களும் அப்படி வளர்ந்தவர்கள்தானே.

வென்னரை அவர் அப்பா நாலு வயதில் சேர்த்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அந்தக் கப்பல் கேம்பர்டவுனில் டச்சுக்காரர்களோடு மோதியது. அம்மை போட்ட பையனும் ஏட்டளவில் கூட மோதியிருக்கிறான்.

“திருப்பி அனுப்பிருங்களேன்,” என்றாள் டார்கஸ். சொன்னாளே ஒழிய, பதக்கத்தை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வென்னருக்குப் பதக்கம் ஒரு பொருட்டே இல்லை. அவர் முகம் சுண்டிப்போனதற்குக் காரணம் எபன் ஸ்டப்.

எபன் எங்கள் துறையில் படகுக்காரன். கோஸ்போர்ட்டுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் நடுவில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். சான் விடலில் வென்னரின் படகில் சுக்கான் பிடித்தவன் அவன்தான். 1810-ல் ஸ்பெயின் கரையோரக் குடா ஒன்றில் ஒளிந்திருந்த பிரெஞ்சுக் கப்பலை இழுத்து வர நாலு படகு போயின. முதல் வேட்டிலேயே தலைமை லெப்டினன்ட் செத்து விழ, பத்தொன்பது வயது வென்னர் தலைமை ஏற்று, கப்பல் மேல் ஏறி, பிடித்து, வெளியே கொண்டுவந்தார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் டாம் ஸ்டப், எபனின் தம்பி.

எபனும் எழுதிக் கேட்டிருந்தான்; வென்னர்தான் எழுதிக்கொடுத்தார். அவனுக்கும் அந்த வாரமே பதில் வந்தது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வென்னர் வீட்டு வாசலுக்கு வந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

“என்னங்கய்யா இப்படி எழுதிட்டானுவ? அந்தச் சண்டை கணக்குலயே இல்லியாம். அப்ப டாம் எப்படிச் செத்தான்? பேதியிலயா?”

“உள்ள வா எபன்.”

“கெடக்கட்டும், காலெல்லாம் சேறு. நான் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியறதுக்காக் கேக்குறேன்? எங்க ஆத்தா சாவுற மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, எந்தச் சண்டையிலடா எம்புள்ள போனான்னு. நாங்க சொன்னா அது தெருவுல போய்ச் சொல்லும். அப்படி ஒண்ணு நாங்க கேள்விப்பட்டதே இல்லியேம்பானுவ. அது திரும்ப வந்து எங்கிட்ட சண்ட போடும், பொய் சொல்றியான்னு. அந்தப் பேர வெள்ளியில வெட்டி ஒருத்தன் கையில குடுத்தாப் போதும்யா. அம்புட்டுதான்.”

நான் நிறைய கால் வெட்டியவன். சுலபத்தில் கலங்குகிறவன் இல்லை. அந்த வாசலில் என் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வென்னர் சொன்னார்: “மனு குடுக்க இன்னும் நாள் இருக்கு எபன். பெரிய எடத்துலேர்ந்து யாராவது ஒரு வார்த்தை எழுதினா திரும்பப் பாப்பாங்க. அக்டோபர்ல கேம்பர்டவுன் விருந்து நடக்குமில்ல, சர் டிக்பி வருவாரு. இந்தப் பட்டை இருக்குறதால எனக்கும் அழைப்பு வரும். அவர்கிட்ட நான் பேசுறேன்.”

“நெசமாத்தானேய்யா?”

“நான் என்னிக்காவது உங்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?”

“அது இல்லீங்க,” என்று ஒப்புக்கொண்டு எபன் போனான்.

சர் டிக்பி தொரோல்ட் பழைய அட்மிரல். கேம்பர்டவுனில் உண்மையாகவே இருந்து, உண்மையாகவே காயம் பட்டவர். லண்டனில் அவர் பேச்சு எடுபடும். அவருடைய வலது கால் கட்டைவிரல் என் பொறுப்பில் இருந்தது. வாதம் வந்து வீங்கினால் ஆள் அனுப்பிவிடுவார். அந்த விரலை முன்னிட்டு எனக்கும் வருடா வருடம் விருந்துக்கு அழைப்பு உண்டு.

விருந்தை மத்தியானத்திலேயே வைத்துவிடுவார்கள். மாலையானால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பது அனுபவம். எபன்தான் எங்களைப் படகில் போர்ட்ஸ்மத்துக்குக் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் வென்னரின் மார்பில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்துக்கொண்டே துடுப்பு வலித்தான். துறையில் இறங்கி, நானும் வென்னரும் விருந்து நடக்கும் விடுதியை நோக்கி நடந்தபோது நான் பல நாளாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன்.

“ஏன் வென்னர், அந்த மாதிரி சண்டை போட்டவனுக்குப் பதவி குடுக்காம எப்படி விட்டாங்க? உங்க கேப்டனுக்கு உங்க மேல காழ்ப்பா?”

அவர் நடப்பதை நிறுத்தவில்லை.

“காழ்ப்பெல்லாம் இல்ல. நல்ல மனுசன். கட்டுப் போட்ட கையோட என்னைக் கூப்பிட்டு ஒக்கார வச்சாரு. அறிக்கை பாதி எழுதியாச்சு, உன்னை லெப்டினன்ட் ஆக்கச் சொல்லி எழுதப்போறேன், ஆறு வருசம் ஆயிருச்சில்லன்னு கேட்டாரு. ஏட்டுப்படி ஆயிருச்சு சார், அதுல ரெண்டு வருசம் பொய், நான் அப்ப நாலு வயசுக் கொழந்தைன்னேன்.”

“அட கடவுளே.”

“அவரும் அதான் சொன்னாரு. யாருய்யா உன்னைக் கேட்டான்னாரு. காதுல விழுந்தப்புறம் கையெழுத்துப் போட முடியாதுல்ல? எம்பேரை அடிச்சாரு. லெப்டினன்ட் செத்துட்டாரு, நான் இல்ல, வேற யாருக்குக் குடுக்க? அதனால யாருக்கும் இல்லாமப் போச்சு. அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு உண்மையான கணக்குல நான் தேறிட்டேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.” கொஞ்ச தூரம் போனபின், “அன்னிக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு டாக்டர்,” என்றார்.

“எபனுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியவே வேணாம்,” என்றேன். அவர் தலையாட்டினார். சம்மதத்துக்கா மறுப்புக்கா என்று எனக்குப் புரியவில்லை.

விடுதி மாடியில் நீள மேஜை. மாட்டு வறுவல், வேகவைத்த ஆட்டுத்தொடை, கட்டி கட்டியாக வெண்ணெய், ஒவ்வொருவர் முன்னாலும் போர்ட் ஒயின். சர் டிக்பி மேஜைத் தலைமாட்டில் கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராணிக்காக ஒரு தடவை குடித்தோம். செத்தவர்களுக்காக ஒரு தடவை. பிறகு எண்ணாமல் குடித்தோம். சாப்பாடு முடிந்ததும் சர் டிக்பி கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினார்.

“நம்ம கூட்டத்துலயே சின்னப் பையன் ஒருத்தன் புதுசா வந்துருக்கான்யா. வென்னர், எந்திரி. அன்னிக்கு நீ என்ன பாத்தே? சொல்லு.”

வென்னர் எழுந்தார். மேஜை விளிம்பை விரல் குறையாத வலது கையால் பிடித்துக்கொண்டார்.

“நான் அங்க இல்ல சார். எனக்கு ஆறு வயசு. எங்கப்பா எம்பேரை ஏட்டுல பொய்யா எழுதியிருந்தாரு. நான் அம்மை போட்டு அத்தை வீட்டுல கெடந்தேன். இந்தப் பட்டை எனக்குச் சேர வேண்டியதில்ல.”

எல்லோரும் மேஜைத் தலைமாட்டைப் பார்த்தார்கள். பிறகு சர் டிக்பி வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவுதான், கூரை அதிர்ந்தது.

“ஆறு வயசா! பெரிய ஆளுதான் போ! நான் மூணு வயசுல மேற்கிந்தியத் தீவுல மஞ்சக்காய்ச்சல் வந்து பொழைச்சவன்யா, ஏட்டுப்படி!”

“நான் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடி ஜிப்ரால்டர்ல ரெண்டு வருசம் இருந்தேன்!”

“எங்க வீட்டுக் கதையக் கேளுங்க,” என்றார் கண்ணில் நீர் வழிந்த ஒரு கேப்டன். “எங்கப்பாவுக்கு அவசரம். புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே வில்லியம்னு பேரு எழுதிட்டாரு. பொறந்தது எங்கக்கா!”

ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் எழுந்துபோய் முதுகில் தட்டவேண்டியதாயிற்று. வென்னர் பதக்கத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாலும் அந்த மேஜையில் அன்று அது குற்றமாக ஏறியிருக்காது. அவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்தவர்கள்.

சிரிப்பு ஓயட்டும் என்று நின்றார் வென்னர். பிறகு சான் விடலைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், சுருக்கமாக, அறிக்கை கொடுப்பதுபோல. பதினோரு பேரின் பெயரையும் சொன்னார். டாம் ஸ்டப்பின் பெயரைக் கடைசியில் சொன்னார். மேஜையின் கீழ்க்கோடியில் யாரோ ஒயினை இந்தப் பக்கம் தள்ளு என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

“ஒரு வரி நீங்க எழுதினாப் போதும் சார். எனக்கு வேணாம். இந்தப் பட்டையையும் திருப்பிக் குடுத்துர்றேன். உயிரோட இருக்குறவன் ஒருத்தன் இருக்கான், எங்க படகுச் சுக்கான்காரன். அவனுக்கு.”

சர் டிக்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். காது கொடுத்துத்தான் கேட்டார்.

“நல்ல சண்டைதான் போட்டிருக்கே. யாருக்குப் பதவி கெடைச்சுது?”

“யாருக்கும் இல்ல சார்.”

“ஏன்?”

சொல்லாதே, சொல்லாதே என்று நான் மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். வென்னர் சொன்னார். கேப்டன் கேட்டது, இவர் சொன்ன பதில், பெயரை அடித்தது, எல்லாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வயதான ஆண்கள் பத்திருபது பேர் தங்கள் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வென்னர், நான் என்னன்னுய்யா எழுதுவேன்?” என்றார் சர் டிக்பி மெதுவாக. “பதவி குடுத்தாத்தான் அது சண்டைன்னு விதி. குடுக்க வந்தாங்க, இவரு உண்மை பேசிட்டாரு, அதனால சண்டை நடக்காமப் போச்சுன்னா எழுதுறது? அதுக்கு நம்ம எல்லாரோட ஏட்டையும்ல தொறக்கணும்?”

பிறகு பதக்கத்தை எடுத்துவரச் சொல்லி, வென்னரைப் பக்கத்தில் கூப்பிட்டு, தன் கையாலேயே அவர் மார்பில் குத்திவிட்டார்.

“போட்டுக்க. உங்கப்பன் வாங்கிக் குடுத்தது.”

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். நானும் தட்டினேன்; தட்டாமல் இருந்தால் பார்ப்பார்கள்.

திரும்பும்போது வெயில் இன்னும் இருந்தது. ஏற்றத் தண்ணீர், கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. எபன் படகைத் துறைப் படியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நின்றிருந்தான். வேறு சவாரி எதுவும் ஏற்றவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. முகம் கழுவி, கழுத்துத் துணி மாற்றியிருந்தான். நடுத்துறைக்கு வரும்வரை பொறுத்திருந்தான்.

“பெரியவரு எழுதுறாராமாங்கய்யா?”

“இல்ல எபன்.”

“நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேன். எல்லார் பேரையும் சொன்னேன். டாம் பேரையும் சொன்னேன்.”

எபன் நாலைந்து துடுப்பு போட்டான். வென்னர் பதக்கத்தைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினார்.

“இத நீ வச்சுக்க.”

“எனக்கெதுக்குங்க? நான் அங்க இல்லியே.”

“நானும் இல்ல.”

“அப்ப கடல்ல போடுங்க,” என்றான் எபன், கோபமில்லாமல். “சரி, ஏன் முடியாதாம்? அதச் சொல்லுங்க.”

அந்த இடத்தில் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். லண்டன்காரன் மேல் பழியைப் போட்டிருந்தால் எபன் அவனை நாலு கெட்ட வார்த்தை சொல்லி ஆறியிருப்பான். நான்கூட வாயைத் திறந்தேன். வென்னர் என்னை முந்திக்கொண்டார். தெருவில் என்னிடம் சொன்னதையே, அதே வார்த்தைகளில், கையை முட்டி மேல் வைத்துக்கொண்டு சொல்லி முடித்தார். அந்த நிமிடம் அந்த மனிதரைப் படகிலிருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

எபன் துடுப்பைத் தூக்கிவிட்டான். துடுப்பு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. படகு ஏற்றத்தோடு ஒருக்களித்துப் போய், நங்கூரம் போட்டிருந்த நிலக்கரிக் கப்பல் ஒன்றை நெருங்கியது. மேலேயிருந்து ஒருவன், “ஏ கெழவா, தூங்கிட்டியா?” என்று கத்தினான். எபன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேப்டன் அய்யா மெரட்டினாரா?”

“இல்ல.”

“பின்னால யாராச்சும் கண்டுபிடிச்சுருவான்னு பயமா?”

“இல்ல எபன். பயமெல்லாம் இல்ல.”

“மத்தவனெல்லாம் சொன்ன பொய்யிதானே அது?”

“ஆமா.”

எபன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசியபோது குரல் உயரவே இல்லை.

“செத்துக் கெடந்த பயலுவ மேல ஏறி மிதிச்சுக்கிட்டு ஒங்களத் தோள்ல தூக்கியாந்தேன். டாம் அங்கனதான் கெடந்தான். அவன விட்டுட்டு ஒங்களத் தூக்குனேன், நீங்க அதிகாரின்னு.” கொஞ்சம் நிறுத்தினான். “ஒத்தப் பொய்யி. எங்களுக்காகச் சொல்லக்கூடாதாய்யா?”

நிலக்கரிக் கப்பலின் நிழல் எங்கள் மேல் விழுந்து விலகியது.

“சொல்லியிருக்கணும்,” என்றார் வென்னர்.

“ஆமாங்கய்யா,” என்றான் எபன். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி வலிக்க ஆரம்பித்தான்.